முடியாத இடைவேளை

அத்தியாயம் ஒன்பது

“நீதானா அந்தப் பொண்ணு?”

பாப்பாவிடம் ஒரு டிரைவர் கேட்ட கேள்வி இது. கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அப்பா மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாள். டைம் கீப்பர் அறை எது என்று கேட்டதற்கு அந்த மனிதர் உடனே வழி சொல்லவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக இப்படிக் கேட்டார்.

எந்தப் பொண்ணு என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். யாரோ ஒருத்திக்குப் பதிலாகத் தலையாட்டிவிட்டோமே என்று வீடு வந்து சேரும்வரை மனசு உறுத்தியது. அந்த யாரோ ஒருத்தி தானேதான் என்று தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகவில்லை.

அப்பாவின் வேலை அப்படி. எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது புறப்படுகிறது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். கண்டக்டர் நீட்டுகிற சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு மைக்கில் அறிவிக்க வேண்டும். ஜன்னலுக்கு வருகிறவர்கள் சீட்டை நீட்டும்போதே, “என்ன சார், இன்னிக்கு வீட்ல என்ன?” என்று கேட்டுவிடுவார்கள். அவரும் ஒன்று சொல்லுவார். சொல்லாத நாளில் வண்டி எல்லாம் தாமதமாகப் போவதாக ஒரு பேச்சு உண்டு.

பெரிய விஷயம் எதுவும் இருக்காது. மனைவி பிளாஸ்டிக் பைகளைச் சேர்த்து ஒரு பைக்குள் போட்டு வைக்கிறாள், அந்தப் பை நிறைந்ததும் அதைப் போட்டு வைக்க இன்னொரு பை தேடுகிறாள் என்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தான் ஜெயித்த ஒரே வாக்குவாதம் மின்விசிறியை எத்தனையில் வைப்பது என்பதுதான், அதுவும் கரண்ட் இல்லாத அன்றைக்கு என்பார். இப்படி அந்த வீட்டில் கொதித்தது, உடைந்தது, காணாமல் போனது எல்லாம் மறுநாள் காலை ஜன்னலுக்கு வந்துவிடும். அங்கிருந்து ஒவ்வொரு வண்டியிலும் ஏறி ஊரெல்லாம் போய்விடும்.

அந்தக் கதைகளில் முதல் இடம், பாப்பா பள்ளிக்கூடத்துக் கைமணியைத் தூக்கிக்கொண்டு வந்த கதைக்கு.

பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். ஐந்து வருஷமாக, கதவில் இருக்கும் கண்துளை வழியாகப் படியில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அதன் பிறகே மாடியை விட்டு இறங்குகிறவள். அப்படிப்பட்டவள் போன வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பஸ் ஸ்டாண்டு பாஸ் கவுண்டர் வேலைக்குப் “போறேன்” என்று சொன்னாள். அந்த ஒரு சொல்லில் அப்பா கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது. அம்மா அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

இன்றைக்கு முதல் நாள்.

காலை ஐந்து மணிக்கே அப்பா எழுந்துவிட்டார். பாப்பாவின் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டு, வார் வாராக ஈரத் துணியால் துடைத்தார். அவர் யார் செருப்பையும் துடைத்து அவள் பார்த்ததில்லை.

“முதல் நாள் வேலைக்குப் போறவங்களை செருப்பைப் பார்த்தே கண்டுபிடிச்சுடலாம்,” என்றார் தலை நிமிராமல். “எனக்கு அன்னிக்கு ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்பு. பதட்டத்துல பக்கத்து வீட்டுக்காரரோடதுல ஒண்ணை மாட்டிட்டுப் போயிட்டேன். அவரும் பாவம், என்னோட இன்னொண்ணைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிருக்காரு.”

அம்மா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, “இது நடந்ததா, சேர்த்ததா?” என்று கேட்டாள்.

“ஒரு செருப்பு நடந்தது. இன்னொண்ணு சேர்த்தது.”

பாப்பாவுக்குக் கூடச் சிரிப்பு வந்தது. அவர் பேச்சில் அப்படி ஒன்று இருந்தது. எதிரே இருக்கிறவர் எத்தனை பயத்தில் இருந்தாலும் கொஞ்சம் தளர்த்தி விட்டுவிடும். தன் பயத்தை அவர் பார்த்துவிட்டார் என்பதும், அதற்காகத்தான் இதைச் சொல்கிறார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

பாஸ் கவுண்டர், டைம் கீப்பர் அறைக்கு நாலு கதவு தள்ளி இருந்தது. அங்கே பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அக்கா, கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதப் பாஸ் கொடுக்கிற வேலை. படிவத்தில் பள்ளிக்கூடத்து முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அட்டையில் போட்டோவை ஒட்ட வேண்டும். வட்ட முத்திரை பாதி போட்டோவிலும் பாதி அட்டையிலுமாக விழ வேண்டும். பிறகு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மெஷினில் விட்டால், சூடாக, விறைப்பாக வெளியே வரும்.

இவை எல்லாம் பாப்பாவுக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டன. முத்திரை ஒன்றுகூடக் கோணவில்லை. அக்கா பார்த்துவிட்டு, “கை நல்லா இருக்கு,” என்றாள். அப்புறம் சொன்னாள். “இனிமே டோக்கன் நம்பரை நீயே கூப்பிடு. எனக்குத் தொண்டை போச்சு.”

ஜன்னலுக்கு வெளியே அறுபது பிள்ளைகள் இருக்கும். பஸ் ஹாரன், அப்பாவின் மைக், பிள்ளைகளின் கூச்சல். பாப்பா முதல் எண்ணைக் கூப்பிட்டாள். மேசை மேலிருந்த பசை டப்பாவுக்குக்கூட அது கேட்டிருக்காது.

அக்கா கோபப்படவில்லை. அட்டையைப் பார்த்துக் கூப்பிடாதே, தூரத்தில் தண்ணீர்க் குழாய் பக்கம் நிற்கிற ஒருவரைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள் என்று மட்டும் சொன்னாள். பாப்பா குழாயைப் பார்த்துக் கூப்பிட்டாள். நாலாவது எண்ணுக்கு ஒரு பையன் திரும்பிப் பார்த்தான். பத்தாவது எண்ணுக்குக் குழாயடியில் நின்றவளே ஓடி வந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்பு இருபத்து மூன்று வந்தது. வகுப்பில் அவளுடைய பழைய எண். ஒரு கணம் தயங்கிவிட்டு, “இருபத்தி மூணு,” என்று கூப்பிட்டாள். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண், “இங்க இருக்கேன் அக்கா,” என்று கையைத் தூக்கிக்கொண்டு வந்தது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பதில். அட்டையைக் கொடுக்கும்போது பாப்பா அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்தோடுதான் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். மேசை மூலையில், படிக்கட்டில், ஜன்னல் கட்டையில் என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் இடம் விட்டார்கள். ஒருவர் தன் டம்ளரைச் சாவியால் மெல்லத் தட்டினார். டிங் டிங். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்புதான்.

“சார், கதாநாயகியே வந்தாச்சு. சொல்லுங்க ஒரு தடவை.”

அப்பா பாப்பாவைப் பார்த்தார். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அவள் எப்போதும் செய்வதுபோல லேசாகச் சிரித்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்துவிட்டு வா என்று அனுப்பினால், மணியோடு நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் நடக்க நடக்க மணி ஆடி அடிக்கிறது. ஐஸ் வண்டி வந்துவிட்டது என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே வருகின்றன.

“இப்ப என்ன ஆச்சுன்னா,” என்று நிறுத்தினார். முடிவு எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் காத்திருந்தார்கள். “மணி எங்க வீட்டு பீரோ மேல இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துல இன்னும் இடைவேளை முடியல. அந்த வாத்தியார் அஞ்சு வருஷமா அதே டீயைக் குடிச்சுக்கிட்டு இருக்காரு.”

பாப்பாவும் சிரித்தாள். மணியோடு வந்த அன்றைக்குச் சாயங்காலம் வீடே இழவு விழுந்த மாதிரி இருந்தபோது, “என்ன பாப்பா, இன்னும் இடைவேளை முடியலையா?” என்று அவர் முதல் தடவை கேட்டதும் இப்படித்தான் சிரித்தாள். பயந்துபோயிருந்த அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சிரித்த சிரிப்பு அது. அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அம்மா ஒரு மாதம் ஏன், ஏன் என்று கேட்டாள். அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வண்டி நேரம் வந்தது. அப்பா எழுந்து மைக் பக்கம் போனார்.

அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான கண்டக்டர், பதினேழாம் நம்பர் வண்டிக்காரர், தன் டப்பாவிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“எனக்கு மணிக் கதையைவிட அதுக்கு முந்தினதுதான் பிடிக்கும்மா. அந்தக் கண்ணாடிக் கதை.”

பாப்பாவுக்குப் புரியவில்லை. “என்ன கண்ணாடி?”

“அதான், வாத்தியார் பேர் கூப்பிட்டா உனக்குச் சத்தம் வராதுன்னு பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு ‘உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா’ன்னு பழகினியே. ‘எங்க வீட்டுக் கண்ணாடிக்கு நூத்துக்கு நூறு வருகைப் பதிவு’ன்னாரு சார். காலையில ஏழு மணிக்கு இங்க கேட்டேன். ஏழே காலுக்கு வண்டி எடுத்தேன். பள்ளிக்கூடம் போறதுக்குள்ள பஸ்ஸே சிரிச்சுப்போச்சு. அந்தப் பசங்க இறங்கும்போது ‘உள்ளேன் ஐயா’ன்னு சொல்லிக்கிட்டேதான் இறங்குச்சுங்க. டைம் சார் பொண்ணுன்னு சொன்னதும் ஒண்ணு ரெண்டுக்கு உன்னைத் தெரிஞ்சிருந்தது.”

“பதினேழு,” என்றது மைக். “மூன்றாவது மேடை. புறப்படத் தயார்.”

கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு, அவள் தலையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

வாழைப்பழம் கையில் இருந்தது. பாப்பா டிபன் பாக்ஸைத் திறக்காமலே எழுந்தாள்.

ஐந்து வருஷமாக அவளுக்கு ஒரே ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும் என்று இருந்தது. கண்ணாடி முன்னால் நின்றதைப் பார்த்தது கீழ் வீட்டுப் பெண் ஒருத்திதான். நோட்டுப் புத்தகம் கேட்டு வந்தவள் கதவருகே நின்று பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். ஒரே வகுப்பு. இருந்த ஒரே தோழி. அவள்தான் வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு மாதம் அந்தப் பெண் தினமும் வந்து கதவைத் தட்டினாள். பாப்பா கண்துளையில் பார்த்துக்கொண்டே நின்றாள். திறக்கவில்லை. முப்பது நாளுக்குப் பிறகு தட்டும் சத்தம் நின்றது.

பின்னால் அப்பாவும் நின்றிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மதியத்துக்கு மேல் குரல் வரவில்லை. குழாயைப் பார்த்தாள். குழாயடியில் யாரோ நின்றார்கள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அக்கா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தானே கூப்பிட ஆரம்பித்தாள். பாப்பா குனிந்து முத்திரை போட்டாள். ஒன்று போட்டோவின் நடு முகத்தில் விழுந்துவிட்டது.

ஜன்னலைச் சாத்தும்போது அக்கா கேட்டாள். “நாளைக்கு வருவல்ல?”

பாப்பா பசை டப்பாவை மூடி ஓரமாக வைத்தாள்.

அக்கா சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். “வரலேன்னா காலையில ஏழு மணிக்குள்ள உங்கப்பாகிட்ட சொல்லி விடு. வேற ஆள் கேட்டுக்கிட்டு இருக்காங்க. ஆனா உன் கை எனக்குப் பிடிச்சிருக்கு.”

வீட்டுப் படி ஏறும்போது இரண்டாவது மாடியில் கீழ் வீட்டுக் கதவு முன்னால் நின்றாள். ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. பெரியவர்கள் போடுகிற செருப்பு, குதிகால் வைத்தது. அவள் இப்போது என்ன செய்கிறாள் என்றுகூடத் தெரியாது. பாப்பா கையைத் தூக்கினாள். தட்டாமல் இறக்கிக்கொண்டு மேலே போனாள்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். வரும்போதே குரல் படியேறி வந்தது. செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். பாப்பா கூப்பிட்ட டோக்கன் நம்பர் தன் மைக்கையே மிஞ்சிவிட்டதாம். தான் பதினேழு என்று அறிவித்தால், பாஸ் வாங்க வந்த பதினேழாம் டோக்கன் பிள்ளை பஸ்ஸில் போய் ஏறிவிட்டதாம். அம்மா சிரித்தாள். ஐந்து வருஷத்தில் அம்மா இப்படிச் சிரித்துப் பாப்பா பார்த்ததில்லை.

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

“சரி, நீ ஒண்ணு சொல்லு பாப்பா. கவுண்டர்ல எத்தனையோ நடந்திருக்குமே. நாளைக்கு ஜன்னல்ல எனக்கு உதவும்.”

பாப்பா வாசல் பக்கம் நின்றிருந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம். நாளைக்கு வரவில்லை என்று மட்டும் சொன்னால், அதுவும் ஒரு கதையாகிவிடும். நல்ல கதையாகத்தான் இருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள்.

“ஒண்ணு இருக்குப்பா,” என்றாள்.

“சொல்லு சொல்லு.”

“மணி அடிக்கலப்பா.”

“எந்த மணி?”

“அன்னிக்கு. வழியில மணி அடிக்கல. யாரும் என் பின்னாடி வரல. மணிக்குள்ள விரலை விட்டு அதோட நாக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் வீடு வரைக்கும் வந்தேன். யாருக்கும் கேட்டுடக் கூடாதுன்னு.”

அப்பாவின் முகத்தில் சிரிப்பு இன்னும் தயாராகத்தான் இருந்தது. “அது… கொஞ்சம் சுவைக்குச் சேர்த்ததும்மா.”

“தெரியும். ஏன் எடுத்துக்கிட்டு வந்தேன்னு நீங்க கேக்கவே இல்ல.”

கேட்காததை இப்போது அவளே சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டு, நின்று நின்று சொன்னாள். வாத்தியார் இருபத்து மூன்று என்று கூப்பிட்டதும் அவள் எழுந்ததை, முந்தின நாள் பழகிய குரல் தொண்டை வரை வந்துவிட்டதை, அதற்குள் வகுப்பு முழுக்க ஒரே குரலில் ‘உள்ளேன் ஐயா’ என்றதை. முன் வரிசைப் பெண்கள் உள்ளங்கையைக் கண்ணாடிபோல முகத்துக்கு நேரே பிடித்துத் தலை வாரிக் காட்டியதை. வாத்தியாரும் சிரித்ததை. இடைவேளை முடிந்ததற்கு மணி அடிக்கிற முறை அன்றைக்கு அவளுடையதாக இருந்தது. அடித்தால் எல்லோரும் திரும்பி வகுப்புக்கு வந்துவிடுவார்கள். அதனால் அடிக்கவில்லை.

“கண்ணாடியைப் பத்திக் கீழ் வீட்டுக்காரிதான் சொல்லியிருப்பான்னு நெனச்சேன். அஞ்சு வருஷமா அவகூடப் பேசல. இன்னிக்குப் பதினேழாம் நம்பர் கண்டக்டர் சொல்றாரு, ஏழு மணிக்கு உங்ககிட்ட கேட்டாராம். ஏழே காலுக்கு பஸ்ல சொன்னாராம்.”

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. அம்மா நகரவில்லை.

அப்பா வாயைத் திறந்தார். மைக் முன்னால் மூச்சு இழுப்பாரே, அப்படி ஒரு மூச்சு இழுத்தார். எதுவும் வரவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார். இவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்து பாப்பா பார்த்ததில்லை. வேறு யாரோ வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

“விளையாட்டாச் சொன்னதுதாங்க அது,” என்று அம்மா மெல்ல ஆரம்பித்தாள். அவளை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார்.

எழுந்து உள் அறைக்குப் போனார். முக்காலியை இழுக்கிற சத்தம். பீரோ மேல் தட்டில் எதையோ நகர்த்துகிற சத்தம். திரும்பி வந்தபோது பழைய தலையணை உறை அவர் தோளில் கிடந்தது. கையில் வெண்கல மணி. ஒவ்வொரு தடவை வீடு ஒழிக்கும்போதும், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டு மறுபடியும் சுற்றி வைக்கிற மணி.

“எங்க போறீங்க? பள்ளிக்கூடம் இந்நேரம் பூட்டியிருக்கும். ஒரு வாய்க் காபியாவது குடிச்சுட்டு…”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். பாப்பாவைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலையில் துடைத்து வைத்த அவள் செருப்பைத்தான் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

பாப்பா கதவோடு காதை வைத்துக் கேட்டாள். மூன்றாவது மாடிப் படிகள். இரண்டாவது மாடியில், கீழ் வீட்டுக் கதவுப் பக்கம், காலடிச் சத்தம் நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு மறுபடியும் இறங்கியது. கீழே இரும்புக் கதவு திறந்து சாத்திக்கொண்டது.

ஒரு படியில்கூட மணி அடிக்கவில்லை.